நாலாம் மாதக் காய்ச்சலும் வயிற்றுப் பிள்ளையின் மூளையும்

பாலையூற்று மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிள்ளை, இப்போது 17 கிழமை. போன கிழமை நாலு நாள் காய்ச்சல் அடித்தது. 102 வரை ஏறியது. மாரி மழை விட்டு வாய்க்காலெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிற நேரம். டெங்குவாக இருக்குமோ என்று பயந்து முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். வார்டில் வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, வேறு ஏதோ வைரஸ் காய்ச்சல்தான் என்று சொல்லி, பனடோல் மட்டும் தந்து, காய்ச்சல் விட்ட பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காய்ச்சல் நாட்களில் இவ்வளவு பயம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நித்திரை போனது. மாமி என்னைப் பார்த்து, "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காய்ச்சல் வந்தால் அது பிள்ளையின் மூளையைத் தின்றுவிடும்" என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேஸ்புக்கில் தேடினேன். ஒரு பதிவில் கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால் ஓட்டிசம் என்று இருந்தது. அதற்குக் கீழேயே இன்னொருவர் பனடோல் போட்டால் ஓட்டிசம் என்று எழுதியிருந்தார். குளிசை போட்டாலும் பிழை, போடாவிட்டாலும் பிழை என்றால் நான் என்னதான் செய்திருக்க வேண்டும்? இரவில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இன்னும் ஒரு அசைவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

மகள், முதலில் அந்த அசைவு விஷயம். முதல் பிள்ளை என்றால் 18, 20 கிழமையில்தான் அனேகம் பேருக்குத் துடிப்புத் தெரியும். சிலருக்கு இன்னும் பிந்தும். கையை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் நித்திரை கொள்ளுங்கள்.

முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் பாருங்கள், அதுதான் செய்ய வேண்டியது. டெங்குக் காலத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கு விடும், நாளைக்கு விடும் என்று பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. நான் இந்த மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாக நடந்தவள். காய்ச்சலை மறைத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த பிள்ளைத்தாச்சிகளைக் கண்டுதான் நான் பதறியிருக்கிறேன். உங்களைப் போல ஓடி வந்தவர்களைக் கண்டு இல்லை.

இரண்டு கேள்வி கேட்கிறேன். காய்ச்சலோடு உடம்பில் செம்புள்ளி ஏதும் போட்டதா? காதுக்குப் பின்னால் நெறி கட்டியதா? கிளினிக்கில் தந்த பதிவேட்டை எடுத்து, ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) ஊசி போட்ட திகதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தம்பலகாமம் வயல்:

என் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றவர். அந்த நாளில் எங்கள் பக்கம் மலேரியா இல்லாத வீடு இல்லை. காய்ச்சலோடு நாற்று நட்டார், கொத்தமல்லி அவித்துக் குடித்தார், அவ்வளவுதான். எங்களில் யாருக்கும் மூளையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைத்தாச்சியிடம் இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சொன்னால் அந்தப் பயமே பிள்ளைக்குக் கூடாது. இந்த இழையை மூடிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பிள்ளை, நீ கோணேசரை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இரு.

உள்துறைமுகம்:

வணக்கம் ஐயா. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தத் தங்கச்சி உண்மையைக் கேட்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, இப்போது வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் கருவின் மூளை வளர்ச்சியைப் பற்றிப் படிக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17 கிழமையில் பிள்ளையின் தலைக்குள் நடப்பது இதுதான். மூளைக்கு நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரை ஒட்டி இருக்கும் தண்டுக்கலங்கள் பிரிந்து பிரிந்து நரம்புக்கலங்களைத் தருகின்றன. பிறந்த நரம்புக்கலம் அங்கேயே நிற்காது. சுவரிலிருந்து மூளையின் வெளிப்பக்கம் வரைக்கும் மெல்லிய நார்கள் ஓடுகின்றன. தென்னையில் ஏறுகிறவர் மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுவதுபோல, ஒவ்வொரு கலமும் அந்த நாரைப் பற்றி ஏறுகிறது. முதலில் ஏறியவை கீழ் அடுக்கில் தங்கும். பிறகு வருகிறவை அவற்றைத் தாண்டி மேலே போய் அமரும். இப்படித்தான் மூளையின் மேற்பட்டை அடுக்கடுக்காக எழும்புகிறது. பிள்ளை பிறந்து பேசுவதும் நினைப்பதும் ஆளை அடையாளம் காண்பதும் இந்த அடுக்குகளால்தான்.

இந்த வேலையைக் கிருமி குழப்பக்கூடிய வழி ஒன்று, நச்சுக்கொடியைத் தாண்டி அதுவே உள்ளே போவது. 2015 இல் பிரேசிலில் சீக்கா வைரஸ் பரவியபோது மிகச் சிறிய தலையோடு பிள்ளைகள் பிறந்தார்கள். 2016 பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை அறிவித்தது. சீக்கா நேராகப் போய்ப் பிடிப்பது நான் மேலே சொன்ன அதே தண்டுக்கலங்களைத்தான். கலம் பிறக்காவிட்டால் ஏறுவதற்கு ஆள் இல்லை. ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், பூனையிலிருந்து வரும் டொக்சோபிளாஸ்மா, சிபிலிஸ் எல்லாம் உள்ளே போகக்கூடியவை. ஒவ்வொன்றும் சேதம் செய்யும் விதமும் காலமும் வேறு. ருபெல்லா முதல் மூன்று மாதத்துக்குள் வந்தால் மிக மோசம், 20 கிழமைக்குப் பிறகு ஆபத்து மிகக் குறைவு. டொக்சோபிளாஸ்மா பிந்திய மாதங்களில் வந்தால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்புக் கூடும், ஆனால் முந்திய மாதங்களில் தொற்றினால்தான் பாதிப்புப் பெரிது.

மற்ற வழியில் கிருமி பிள்ளையிடம் போகவே போகாது. தாயின் உடம்பு அதை எதிர்க்கும்போது இரத்தத்தில் சில புரதங்கள் சுரக்கின்றன. அந்தப் புரதங்களின் செய்தி நச்சுக்கொடிக்கும் போகிறது. அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் போல் பாட்டர்சன் என்பவரின் குழு இதை எலிகளில் பார்த்தது. வைரஸே இல்லாத, ஆனால் உடம்பு வைரஸ் என்று நம்பிவிடுகிற ஒரு செயற்கைப் பொருளைக் கர்ப்பிணி எலிக்கு ஏற்றினார்கள். குட்டிகள் வளர்ந்தபோது மற்ற எலிகளோடு பழகும் விதம் மாறியிருந்தது. இன்டர்லூக்கின் 6 என்ற ஒரே புரதத்தைத் தடுத்தபோது குட்டிகளுக்கு அந்த மாற்றம் வரவில்லை. இது 2007 இல் வெளிவந்தது. 2016 இல் குளோரியா சோய், ஜுன் ஹு ஆகியோரின் குழுக்கள் இன்டர்லூக்கின் 17 என்ற இன்னொரு புரதத்தையும் இதில் கண்டுபிடித்தன. குட்டிகளின் மேற்பட்டையில் சில இடங்களில் அடுக்குகள் குழம்பியிருந்ததையும் காட்டின.

ஆனால் தங்கச்சி, எலிக்கு ஏற்றிய அளவு வேறு, உங்களுக்கு வந்த நாலு நாள் காய்ச்சல் வேறு. மனிதரில் என்ன தெரியும் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதைப் படிக்காமல் இன்றைக்குத் தூங்கப் போக வேண்டாம்.

உள்துறைமுகம்:

தொடர்ச்சி. 1957 இல் உலகம் முழுவதும் புளூக் காய்ச்சல் பரவியது. அப்போது ஹெல்சிங்கியில் நடு மூன்று மாதத்தில் கருவில் இருந்தவர்கள் வளர்ந்த பிறகு, ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது சற்றுக் கூடுதலாக இருந்தது என்று சார்னொஃப் மெட்னிக் குழு 1988 இல் எழுதியது. அங்கிருந்துதான் இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில அதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. ஓட்டிசத்திலும் அப்படித்தான். கர்ப்பத்தில் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகளில் ஓட்டிசம் சற்று அதிகம் என்று டென்மார்க், சுவீடன் பதிவேடுகள் காட்டின.

அப்புறம் 2022 இல் சுவீடனிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. சுமார் 5,50,000 பிள்ளைகள். அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொற்று, மற்றப் பிள்ளைக்கு இல்லை. அப்படிப் பார்த்தபோது ஓட்டிசத்தோடு இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. கர்ப்பத்துக்கு முந்தைய வருடத்தில் தாய்க்குத் தொற்று வந்திருந்தாலும் அதே அளவு தொடர்பு தெரிந்தது. பிள்ளை வயிற்றிலேயே இல்லாத நேரத்துத் தொற்று பிள்ளையின் மூளையை எப்படித் தொடும்? அதனால் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி குடும்பத்துக்குப் பொதுவான வேறு காரணங்களால், பரம்பரை உட்பட, வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

இன்னொன்று. "30 வீதம் கூடுதல்" என்று தலைப்பைக் கண்டால் நெஞ்சு திக்கென்கிறது. 1,000 பேரில் 10 பேருக்கு வருகிற ஒன்று 30 வீதம் கூடினால் 13 பேர். 987 பேருக்கு வரவில்லை. பேஸ்புக்கில் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

கிண்ணியா நானா:

தம்பி, நல்லாக விளங்கச் சொன்னீர்கள். ஒரு கேள்வி. 2017 இல் எங்கள் கிண்ணியாவில் டெங்கு எப்படி அடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு வந்தது. அதற்கு முதல் 2006 கடைசியில் சிக்குன்குன்யா. எங்கள் தாத்தா (மூத்த சகோதரி) அப்போது நிறைமாதம், மூட்டு வலியில் பாயிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்தார். பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறான், இப்போது ஏ.எல். முடித்துவிட்டான். இந்த நுளம்புக் காய்ச்சல்களும் சீக்கா மாதிரிப் பிள்ளையின் மூளையைப் பிடிக்குமா?

உள்துறைமுகம்:

நானா, சீக்கா போல மூளையின் அமைப்பையே டெங்கு கெடுக்கும் என்று நிறுவப்படவில்லை. டெங்குவில் பெரிய ஆபத்து தாய்க்கு: இரத்தப்போக்கு, அதிர்ச்சி நிலை, குறைமாதப் பிரசவம். பிரசவ நாட்களில் தாய்க்கு டெங்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

சிக்குன்குன்யா கொஞ்சம் வித்தியாசமானது. 2005, 2006 இல் இந்து சமுத்திரத்தில் ரியூனியன் தீவில் பெரிதாகப் பரவியபோது நன்றாக அவதானித்தார்கள். கர்ப்பத்தின் நடுவில் வந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்றியது. அவர்களில் சிலருக்கு மூளை வீங்கியது, இரண்டு வயதில் பார்த்தபோது வளர்ச்சி பின்தங்கியிருந்தது. உங்கள் தாத்தாவின் பிள்ளை தப்பியது அல்லாஹ்வின் கிருபை. நிறைமாதத்தில் நுளம்பு வலைக்குள் படுங்கள் என்று மிட்வைஃப் அக்காமார் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

தம்பி பெரிய வைரஸ்களைச் சொல்லிவிட்டார். நான் எங்கள் பக்கத்தில் தினமும் காணும் ஒன்றைச் சொல்கிறேன். சலக்கடுப்பு, அதாவது சிறுநீரில் கிருமித் தொற்று. மூதூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகள் வழியில் போக இடமில்லை என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் வருவார்கள். சலத்தை அடக்குவார்கள். கர்ப்பத்தில் சலத்தில் கிருமி இருந்தாலும் பல பேருக்கு எரிவே இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும், நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், அதிலிருந்து குறைமாதப் பிரசவம். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளையின் மூளையில் இரத்தக் குழாய்கள் அவ்வளவு மென்மை. இரத்தம் கசியலாம், மூளையின் வெள்ளைப் பகுதி பழுதுபடலாம். கை கால் இறுகி நடக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பன்னீர்க்குடம் உடைந்து நேரம் போய்க் கருப்பைக்குள் கிருமி ஏறினாலும் இதே ஆபத்து.

இதை மாற்றலாம் பிள்ளைகள். ஒரு போத்தல் சலம் பரிசோதித்து, ஒரு கிழமை அன்டிபயோட்டிக் தந்தால் தீரும் விஷயம். "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்து வேண்டாம்" என்று அந்த மருந்தை வீட்டில் எறிகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு நெஞ்சு வலி. கிளினிக்கில் முதல் வருகையிலேயே வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை பார்ப்பதும் அதே காரணம். சிபிலிஸ் இருந்தால் பெனிசிலின் ஊசியால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. வெயிலில் குடையோடு நடந்த எங்கள் ஆட்களின் கால் அதில் இருக்கிறது.

நிலாவெளி அம்மா:

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும்தான் இங்கே வருவேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

என் இரண்டாவது மகள் சைட்டோமெகலோ வைரஸால் பாதிக்கப்பட்டவள். அவள் வயிற்றில் இருந்தபோது மூத்தவனுக்கு இரண்டரை வயது. நேசரிக்குப் போனான். அவன் தின்று மிச்சம் விட்ட சோற்றை நான்தான் தின்பேன். எந்த அம்மா எறிவாள்? அவன் சூப்பிய கரண்டியை என் வாயில் வைத்துத் துடைத்துவிட்டு அவனுக்கே கொடுப்பேன். மூன்றாம் மாதத்தில் எனக்கு இரண்டு நாள் உடம்பு அலுப்பு, தொண்டை நோ. அதைக் காய்ச்சல் என்றுகூட நான் நினைக்கவில்லை.

மகள் நல்ல நிறையோடு பிறந்தாள். பத்து மாதத்தில் அவளைப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டு போனோம். தவில் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டு அழுதன. என் பிள்ளை தோளில் நித்திரை. "நல்ல பொறுமையான பிள்ளை" என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். எனக்கு அந்த நிமிடமே கால் தளர்ந்துவிட்டது. அன்றிரவு அவள் தலைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை.

ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பிந்திப் பேசுகிற பிள்ளைகள் இருக்கும், பொறுங்கள் என்று அனுப்பினார்கள். இன்னும் எட்டு மாதம் போனது. இப்போது காதுக் கருவி போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள், படம் கீறுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. என்னிடம் ஒருவர்கூட முன்கூட்டியே சொல்லவில்லை, சின்னப் பிள்ளையின் எச்சிலிலும் சலத்திலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும் என்று. வயலுக்குச் சொந்தக்காரர் ஐயா, நீங்கள் இழையை மூடச் சொன்னீர்கள். எனக்கு யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டிருப்பேன்.

உள்துறைமுகம்:

அக்கா, நீங்கள் எழுதியது எத்தனையோ பேருக்கு உதவும். பிறவியிலேயே வரும் தொற்றுகளில் உலகில் மிகப் பரவலானது நீங்கள் சொன்ன இதுதான். பரம்பரை அல்லாத பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு முதல் காரணமும் இதுவே. தொற்றிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நீண்டகாலப் பாதிப்பு, மற்றவர்கள் சுகமாக வளர்கிறார்கள். பிறந்தபோது காது நன்றாகக் கேட்டுவிட்டுப் பிறகு மெல்ல மெல்லக் குறைவதும் உண்டு. பிறந்து மூன்று கிழமைக்குள் எச்சிலையோ சலத்தையோ சோதித்தால்தான் வயிற்றில் வந்ததா, பிறகு வந்ததா என்று பிரிக்கலாம்.

இன்னொரு விஷயம். அந்த மிச்சச் சோறு நீங்கள் செய்த குற்றம் இல்லை. மூத்த பிள்ளை வீட்டில் இருக்கிற பிள்ளைத்தாச்சிகள் வாயில் முத்தம் கொடுக்காமல் நெற்றியில் கொடுங்கள், பம்பர்ஸ் மாற்றிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கரண்டியைப் பங்கிட வேண்டாம். இவ்வளவுதான். பிள்ளையைத் தள்ளி வைக்கத் தேவையில்லை.

தம்பலகாமம் வயல்:

நிலாவெளி மகள், நான் எழுதியது உங்களை நோகடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பிள்ளை என்று எழுதினேன். உண்மையில் அம்மா பெற்றது பத்து. இரண்டு பேர் பிறந்து சில நாளில் போய்விட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. இரவு முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இழை இருக்கட்டும்.

ஓர்ஸ்ஹில் வாசகன்:

எல்லாம் சரி, ஆனால் பனடோலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியே கர்ப்பிணிகள் அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னார். அவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு ஈரத்துணி வைப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

உள்துறைமுகம்:

அண்ணா, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. 2024 இல் சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு இருக்கிறது. அங்கேயும் சகோதரர்களை ஒப்பிட்டார்கள். பனடோலில் இருக்கிற பரசிட்டமோலுக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த அறிவிப்பு வந்த உடனேயே உலக சுகாதார நிறுவனமும் சீரான சான்று இல்லை என்று சொன்னது.

மறுபக்கத்தைப் பாருங்கள். பிள்ளை தங்கி முதல் நாலு கிழமைக்குள் நரம்புக் குழாய் மூடுகிறது. அந்த நேரத்தில் தாயின் உடம்புச் சூடு மிகக் கூடினால் அது சரியாக மூடாமல் போகும் ஆபத்து இருக்கிறது. போலிக் அமிலக் குளிசையைக் கலியாணம் முடித்ததுமே தொடங்கச் சொல்வது இந்த நரம்புக் குழாய்க்காகத்தான். கலிபோர்னியாவில் 2013 இல் வந்த ஒரு ஆய்வில், காய்ச்சல் வந்த தாய்மாரின் பிள்ளைகளில் ஓட்டிசம் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் காய்ச்சலுக்கு மருந்து எடுத்த தாய்மாரில் அந்தக் கூடுதல் இல்லை. சின்ன ஆய்வு, அதை வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் "தாங்கிக்கொள்" என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

பனடோல் டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் புரூபன், வோல்டரன், அஸ்பிரின் மாதிரியானவற்றைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. டெங்கு என்றால் இரத்தப்போக்கை அவை கூட்டும். டெங்கு இல்லாவிட்டாலும், 20 கிழமைக்குப் பிறகு புரூபன் வகைகள் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பன்னீரும் குறையும். நோவுக்குத் தாருங்கள் என்று பார்மசியில் கேட்கும்போது வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொல்லுங்கள்.

பாலையூற்று மகள்:

எல்லோருக்கும் நன்றி. மிட்வைஃப் அம்மா, புள்ளி போடவில்லை, நெறியும் கட்டவில்லை. ருபெல்லா ஊசித் திகதி பதிவேட்டில் இருக்கிறது.

உங்கள் கேள்வியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்படியில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். கத்தியை அப்படியே வைத்துவிட்டார். என் மச்சாளுக்கு, இவரின் தங்கச்சிக்கு, இப்போது 30 வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து சின்ன வயதில் ஒப்பரேசன் செய்தது. வீட்டில் இருந்தே தைக்கிறார். நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அது ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

மாமி இன்றைக்குத்தான் சொன்னார். மச்சாள் வயிற்றில் இருக்கும்போது, இரண்டாம் மாதத்தில், மூன்று நாள் காய்ச்சல். முகத்திலும் கையிலும் செம்புள்ளி. காதுக்குப் பின்னால் பயறு அளவில் கட்டி. அப்போது மூதூரில் இருந்தார்கள். சாதாரண வேர்க்குரு என்று விட்டுவிட்டாராம். பிள்ளை பிறந்த பிறகு, கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்று மாமாவின் ஆட்கள் சொன்னார்களாம். முப்பது வருடம் அதைச் சுமந்திருக்கிறார். என்னிடம் சொன்ன அந்த ஒரு வசனம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

மகள், வாசித்து முடிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1994, 1995 இல் நாட்டில் ருபெல்லா பெரிதாகப் பரவியது. நான் அப்போது வேலைக்கு வந்த புதிது. கண்ணில் வெள்ளை விழுந்து, இதயத்தில் ஓட்டையோடு, காது கேளாமல் பிறந்த குழந்தைகளை அந்த நாட்களில் என் கையால் தூக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு 1996 இல்தான் ருபெல்லா ஊசி இங்கே தொடங்கியது. உங்கள் மாமி கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவருக்குப் போட ஊசி இருக்கவில்லை. இதை அவருக்கு அப்படியே சொல்லுங்கள். ஊசி இருக்கவில்லை.

உள்துறைமுகம்:

ஒரு இணையப் பதிவை வைத்து முப்பது வருடத்துக்கு முந்திய நோயை நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் மாதத்தில் புள்ளியோடு காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி, பிறகு பிள்ளைக்குக் கண்ணும் காதும். எந்த டொக்டரிடம் சொன்னாலும் முதலில் ருபெல்லாவைத்தான் நினைப்பார். கிரகணத்தை நினைக்க மாட்டார்.

மாமிக்கு இதையும் சொல்லுங்கள். 1941 வரை உலகத்தில் எந்த வைத்தியருக்கும் இது தெரியாது. சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியரிடம் கண்ணில் பூ விழுந்த குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. வெளியே காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் கதைத்ததைக் கேட்டுத்தான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். கர்ப்பத் தொடக்கத்தில் புள்ளிக் காய்ச்சல் வந்தது என்று அந்தப் பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் மற்ற வைத்தியர்களும் பார்த்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்தக் காய்ச்சல் வந்திருந்தது. அதுவரை வைத்தியர்கள் இப்படியான பிள்ளைகளைப் பரம்பரைக் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். உங்கள் மாமியைப் போல ஞாபகம் வைத்திருந்த தாய்மாரால்தான் ருபெல்லா பிடிபட்டது. இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டது என்று 2020 இல் அறிவித்தார்கள். இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் பிள்ளைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள்.

கிண்ணியா நானா:

தங்கச்சி, உங்கள் மாமிக்காக நாங்கள் துஆ செய்கிறோம். ஒரு சின்னச் சந்தேகம், காய்ச்சல் விட்டதும் கன்னியா வெந்நீரூற்றில் தலைமுழுக வைக்கிற வழக்கம் இருக்கிறதே, பிள்ளைத்தாச்சி அதைச் செய்யலாமா?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

வாளியால் அள்ளி இரண்டு மூன்று வாளி வார்ப்பதில் உள் உடம்புச் சூடு ஏறாது. ஆனால் காய்ச்சல் நாட்களில் வேண்டாம். ஊற்றடியில் வழுக்கும், அது எனக்கு வெந்நீரைவிடப் பெரிய பயம்.

பாலையூற்று மகள்:

20 கிழமையில் ஸ்கான் எழுதித் தந்திருக்கிறார்கள். தலைச்சுற்றளவும் மூளை அறைகளும் பார்ப்பார்களாம். பதிவேட்டில் காய்ச்சல் வந்த திகதியையும் எழுதிவிட்டேன். மூத்தவன் யாரும் வீட்டில் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக் குட்டியின் மிச்ச பிஸ்கட்டை இனித் தின்ன மாட்டேன், நிலாவெளி அக்கா.

மாமிக்கு எல்லாவற்றையும் வாசித்தேன். 78, 68 என்ற கணக்கை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மச்சாளின் அறைக்குப் போனார். மச்சாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாமி தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, முகத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டி, வயிற்றைத் தொட்டு, சைகையிலேயே எதையோ நெடுநேரம் சொன்னார். நான் கதவடியில் நின்றேன், உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை கிளினிக். மாமியும் மச்சாளும் என்னோடு வருகிறார்கள்.